சாக்ஸுக்குள் என்ன போடலாம்

பிறத்தியார் பாக்கெட்டில் கையை விடுவது சுத்தமான வேலை இல்லை. ஒன்பது வருடமாக அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருந்தேன். காலையில் சலவைக்கு வந்த துணியைத் தரையில் கொட்டி, சட்டை சட்டையாக, பேண்ட் பேண்டாகத் துழாவி, காலி என்று தெரிந்த பிறகுதான் மெஷினுக்கு அனுப்ப வேண்டும். ஒரு பேனா தப்பிப் போனால் இருபது உருப்படி நீலமாகிவிடும். அதனால் பாக்கெட்டின் அடித் தையல்வரை விரலை விட்டாக வேண்டும். விரலில் என்ன ஒட்டும் என்று சொல்ல முடியாது. மூக்குச் சிந்திய கைக்குட்டை, பாதி சப்பிய மிட்டாய், காது குடைந்த பஞ்சு, யாரோ தலையிலிருந்து உருவிச் சுருட்டிய முடி. பத்து மணிக்குக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு இஸ்திரி மேஜைக்குப் போவேன். சாப்பாட்டுக்கு முன்னால் இன்னொரு தடவை கழுவுவேன். அப்படியும் சில நாள் ஸ்பூன் இல்லாமல் சாப்பிட முடியாது.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அந்தக் குப்பையைத்தான் என் முதலாளி வீட்டார் கிறிஸ்துமஸ் பரிசாக ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்டார்கள்.

முன்பக்கம் லாண்டரி, பின்பக்கம் அவர்கள் வீடு. நடுவில் ஒரு கதவு, அதையும் மூடுவதே இல்லை. முதலாளி கறை எடுப்பதில் கெட்டிக்காரர், பேச்சில் கஞ்சன். முதலாளியம்மா இரண்டுக்கும் நேர் எதிர். மகள் மெஷின்களைப் பார்த்துக்கொண்டாள். மகன் வண்டியில் துணியைக் கொண்டுபோய்க் கொடுப்பவன். நல்ல பையன் என்று எல்லாரும் சொல்வார்கள், ஏனென்றால் எல்லாரையும் சிரிக்க வைப்பான். இது நடந்த வருடம் அவனைக் கட்டிக்கொண்டு வந்தவள்தான் மருமகள். கல்யாணத்துக்கு முன்னால் மருந்துக்கடை கவுண்ட்டரில் இருந்தவள் என்பதால் வந்த இரண்டாம் வாரமே லாண்டரி கவுண்ட்டரில் உட்கார வைத்துவிட்டார்கள். ஒரு துணியைக் கொடுக்கும்போதுகூட சீட்டை இரண்டு தடவை பார்ப்பாள். "மாத்திரை மாறினா ஆளு போயிடும்க்கா, அந்தப் பயம் போகவே மாட்டேங்குது" என்பாள்.

லாண்டரி என்றால் ஒற்றைச் சாக்ஸ் சேரும். ஜோடி எங்கே போகிறது என்று கடவுளுக்குத்தான் தெரியும். வருடம் முழுக்கச் சேர்ந்த ஒற்றைச் சாக்ஸுகளில் நீளமானதாகப் பொறுக்கி, டிசம்பர் முதல் தேதி இஸ்திரி அறைக் கொடியில் ஆளுக்கொன்று கிளிப் போட்டு மாட்டுவார்கள். இதுதான் அவர்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் சாக்ஸ். யாரோ வியர்த்த காலில் போட்டது, குதிகால் மஞ்சளடித்தது. சீட்டுக் குலுக்கி, யார் பெயர் வருகிறதோ அவர் சாக்ஸை நிரப்ப வேண்டும். நிரப்புவதற்கு எதையும் வாங்கக்கூடாது, அதுதான் சட்டம். பாக்கெட்டில் கிடைத்துக் கேட்பாரில்லாமல் போன சாமான்கள் ஒரு பிஸ்கட் டின்னில் இருக்கும், அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். சாவி, மோதிரம், பணம் என்று எது கிடைத்தாலும் முதலாளி அன்றே திருப்பிக் கொடுத்துவிடுவார், அதில் குறை சொல்ல முடியாது. மற்றதெல்லாம் டின்னுக்குள். யார் போட்ட சாமானுக்கு அதிகச் சிரிப்பு வருகிறதோ அவருக்கு அன்று முழுக்க வேலை கிடையாது, உட்கார்ந்த இடத்துக்கு டீ வரும்.

முதலாளியம்மா மூன்று வருடமாகத் தொடர்ந்து ஜெயித்துக்கொண்டிருந்தார். ஒரு வருடம் முதலாளியின் சாக்ஸில் யாரோ ஒருவர் அக்குளில் தேய்த்துப் பாதி தீர்த்த வாசனை ஸ்டிக். அடுத்த வருடம் மகளுக்குக் கால் ஆணிக்கு ஒட்டிப் பிய்த்த பிளாஸ்திரி, அதைச் சிவப்பு ரிப்பனில் வேறு கட்டியிருந்தார். எனக்கும் ஒரு சாக்ஸ் மாட்டுவார்கள். எனக்கு ஒரு தடவை உதட்டுக்குப் பூசும் களிம்பு வந்தது. மூடியைத் திறந்தால் நடுவில் யாரோ விரலால் வழித்த பள்ளம். நானும் பல்லைக் காட்டிச் சிரித்துவிட்டு, போகிற வழியில் சாக்கடையில் எறிந்தேன்.

செப்டம்பரில் அடைமழை. துணி காயவில்லை, அறை முழுக்க ஈரக் கோணி நாற்றம். அப்போது ஒரு நாள் காக்கிச் சட்டைப் பாக்கெட்டில் கைக்குட்டைக்குள் கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டது. பிரித்துப் பார்த்தேன். பல் செட். மேல்வரிசைக்கு நாலு பல், அண்ணத்தில் ஒட்டுகிற ரோஸ் நிறத் தகடு, ஓரத்தில் கம்பிக் கொக்கி. பல்லிடுக்கில் காய்ந்த ரொட்டித் துணுக்கு இருந்தது. கையை உதறிக்கொண்டே முதலாளியம்மாவிடம் கொண்டுபோனேன்.

"ஐயய்யோ, இதப் பாரேன்! சிரிக்குது பாரு!" என்று அவர் இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார்.

"டிரைவர் ஐயா சட்டையில இருந்துச்சும்மா. கவுண்ட்டர்ல குடுத்துடவா?"

"இருடீ. தேடி வந்தா பாத்துக்கலாம். வரலைன்னா கிறிஸ்துமஸுக்கு ஆச்சு. இத விட ஒண்ணு கிடைக்குமா?"

டிரைவர் ஐயா மூன்றாம் நாளே வந்தார். முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு பேசினார். அந்த வாரம் மருத்துவரைப் பார்க்கப் போன இடத்தில் கழற்றிப் பாக்கெட்டில் வைத்ததாகவும், எங்கே விழுந்தது என்றே தெரியவில்லை என்றும் சொன்னார்.

மருமகள் உள்ளே வந்து மாமியாரைக் கேட்டாள். "அத்தை, டிரைவர் ஐயா பல் செட்டு காணோமாம். நம்ம கிட்ட ஏதாவது வந்துச்சா?"

"பல்லா? நம்ம கிட்ட எங்கே வந்துச்சு? இல்லைன்னு சொல்லு."

நான் நாலடி தள்ளி ஒரு சட்டைக் கையை அழுத்திக்கொண்டிருந்தேன். முதலாளியம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் குனிந்து மடிப்பைப் பார்த்தேன். வாயைத் திறந்திருக்கலாம். வேலை போய்விடும் என்றுகூட நான் பயப்படவில்லை. அந்த அம்மாவை எதிர்த்துப் பேச வேண்டிவருமே என்கிற சோம்பல்தான். வேறு காரணம் சொன்னால் பொய்.

மருமகள் அத்துடன் விடவில்லை. மெஷினுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தாள். பஞ்சு சேரும் ஜல்லடையைக் கழற்றி உதறினாள். ஜல்லடையில் கையை விட்டதும் அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது, அப்படியும் விரலால் துழாவினாள். பிறகு கவுண்ட்டருக்குப் போய், "ஐயா, நானே தேடிட்டேன். இங்க இல்லைங்க. என் வார்த்தைய நம்புங்க, இங்க இருந்தா நானே வீட்டுக்குக் கொண்டுவந்து குடுப்பேன்" என்றாள்.

"நீ சொன்னா சரிம்மா" என்று அவர் போய்விட்டார்.

அக்டோபரில் அவர் மறுபடி வந்தபோது கன்னம் உள்ளே போயிருந்தது. ரொட்டியைப் பாலில் ஊறவைத்துத் தின்பதாகச் சொன்னார்.

"புதுசா ஒண்ணு செஞ்சுக்கக் கூடாதாங்க ஐயா?" என்று மருமகள் கேட்டாள்.

"அளவெடுக்கணும்னா வாய்க்குள்ள மாவு மாதிரி ஒண்ண வெச்சு அழுத்துறாங்கம்மா. எனக்கு உடனே ஓங்கரிச்சு எடுத்துடும். அந்த ஒண்ணுக்கே நாலு தடவ வாந்தி எடுத்தேன். இனிமே முடியாது."

தினமும் டீக்கடையில் பழைய டிரைவர்களோடு உட்கார்ந்து ஊர்க்கதை பேசுகிறவர். அங்கே போவதையும் நிறுத்திவிட்டார். பேசினால் எச்சில் தெறிக்கிறதாம். இதை அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போது என் முதுகுக்குப் பின்னால் அலமாரியில் பிஸ்கட் டின் இருந்தது. அன்று இரவு தூங்கமுடியவில்லை என்றெல்லாம் கதை விட மாட்டேன். நன்றாகத்தான் தூங்கினேன்.

டிசம்பரில் சீட்டுக் குலுக்கியபோது மருமகளுக்கு மாமனார் பெயர் வந்தது. அவள் பிறந்த வீட்டிலும் சாக்ஸ் மாட்டும் பழக்கம் உண்டாம். அவள் அம்மா கம்பளி நூலில் பின்னியது, வருடா வருடம் அதே சாக்ஸ். நுனியில் ஒரு ஆரஞ்சுப் பழம், அதற்கு மேல் கொஞ்சம் பாதாம், ஒரு புதுப் பென்சில், அந்த வருடம் யாருக்கு என்ன குறைச்சலோ அது. "எனக்குத் தும்மல் வரும்னு அம்மா ஒரு டஜன் கைக்குட்டை தெச்சு வெச்சிருந்தாங்க" என்றாள் ஒரு தடவை. அந்தப் பழக்கத்தில் இவள் மாமனாருக்குக் கண்ணாடி மாட்டிக்கொள்ளும் கயிறு ஒன்று வாங்கி வந்திருந்தாள். கறை பார்க்கக் குனிந்தால் கண்ணாடி விழுந்துவிடுகிறது என்பதைக் கவனித்து வாங்கியது.

கிறிஸ்துமஸ் அன்று காலை தூறல் விழுந்துகொண்டிருந்தது. இஸ்திரி மேஜையில் விரிப்புப் போட்டு, அதன்மேல் கேக்கும் டீயும் வைத்திருந்தார்கள். ஆளுக்கொரு சாக்ஸைக் கழற்றி எல்லார் முன்னாலும் கவிழ்க்க வேண்டும். முதலாளி கவிழ்த்தார். கண்ணாடிக் கயிறு விழுந்தது. அவர் முகம் ஒரு நிமிடம் மலர்ந்ததைப் பார்த்தேன்.

"வாங்கினீங்களா?" என்றாள் மகள். "அண்ணி ஆட்டத்தக் கெடுத்துட்டாங்க. டின்ல இருந்துதான் எடுக்கணும்!"

"டின்ல இருக்கறத எப்படிக் குடுக்கறது? எல்லாம் ஒருத்தர் பயன்படுத்தினது."

"அதுதானே வேடிக்கை!" என்றார் முதலாளியம்மா. முதலாளி கயிற்றை மேஜை ஓரத்தில் வைத்துவிட்டார்.

எனக்குத் தலைமுடி சிக்கிய ஒரு கிளிப் வந்தது. மகளுக்கு ஒரு பல் உடைந்த சீப்பும், யாரோ முனையைக் கடித்துத் துப்பிய பென்சிலும். பிறகு மகன் தன் சாக்ஸைக் கவிழ்த்தான். அவன் பெயர் அம்மாவுக்கு வந்திருந்தது. கேக் தட்டின் மேல் டக்கென்று அந்தப் பல் செட் விழுந்தது. கழுவக்கூட இல்லை. இடுக்கில் இருந்த ரொட்டித் துணுக்கு கறுத்துப் போயிருந்தது.

அப்புறம் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். முதலாளி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். மகன் அதைக் கையில் எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தான். பிறகு தன் மேல் உதட்டைத் தூக்கி, சொந்தப் பல்லுக்கு மேலேயே அதைப் பொருத்திக்கொண்டு, வாயைக் கோணி, அச்சு அசலாக டிரைவர் ஐயா குரலில் பேசினான்.

"தம்பீ… சத்தைக்குக் கஞ்சி போத்தாச்சா?"

அவன் எச்சில் அந்த ரோஸ் தகட்டில் பளபளத்தது. கிழவரின் மூன்று மாதப் பழைய எச்சிலும் அவன் எச்சிலும் ஒன்றாக. அவர்கள் சிரித்த சிரிப்பில் மேஜை ஆடியது. இதில் வெட்கக்கேடு என்னவென்றால், என் வாயும் பழக்கத்தில் சிரிப்பதற்குத் தயாராகிவிட்டது.

டீ ஊற்றிக்கொண்டிருந்த மருமகள் கெட்டிலைக் கீழே வைத்தாள்.

"அது யாரோடது?"

"தெரியலையா? நான் பேசினது நல்லா இல்லையா?" என்று அவன் பல்லைக் கழற்றிக்கொண்டே இளித்தான்.

"டிரைவர் ஐயாவோடது. எப்ப கிடைச்சுது அத்தை?"

"எப்பவோ கிடைச்சுது. இப்ப எதுக்கு அது?"

"நான் கேட்டேனே. இல்லைன்னு சொன்னீங்க."

"அடியே, கேட்டப்ப குடுத்திருந்தா இன்னிக்கு இப்படிச் சிரிச்சிருப்போமா? நாளைக்குக் குடுத்துட்டாப் போச்சு. மெஷினுக்கு அடியில கிடந்துச்சுன்னு சொல்லு. சந்தோஷமா வாங்கிட்டுப் போவாரு."

"மெஷினுக்கு அடியில நான் பாத்தேன். பாத்துட்டு அவர்கிட்ட என் வார்த்தைய நம்புங்கன்னு சொன்னேன். அந்த மனுஷன் மூணு மாசமா ரொட்டியத் தண்ணி மாதிரி குடிச்சிட்டிருக்காரு. நீங்க அத டின்னுல போட்டு வெச்சு, கேக்கு மேல கொட்டி…" புருஷன் பக்கம் திரும்பினாள். "உங்களுக்குத் தெரியுமா?"

"சத்தியமா இப்பதான் தெரியும்."

"சரி. தெரிஞ்ச உடனே என்ன பண்ணீங்க?"

சிரிப்பு அவன் முகத்தில் பாதியில் நின்றுபோயிருந்தது, அதை என்ன செய்வது என்று தெரியாமல் வைத்துக்கொண்டிருந்தான்.

"குடுங்க. செருப்பப் போட்டுட்டு நீங்களும் வாங்க, போய்க் குடுத்துட்டு வரலாம்."

"இன்னிக்கா? பண்டிகையும் அதுவுமா மழையில… நாளைக்கு டெலிவரியோட நானே போட்டுடறேன்மா."

"போனா இந்த வீட்டு மானத்தையும் கூடவே எடுத்துட்டுப் போற, ஞாபகம் வெச்சுக்கோ" என்றார் முதலாளியம்மா.

அவள் பல் செட்டைக் குழாயில் காட்டி, பிரஷ் போட்டு, வெந்நீரில் இரண்டு தடவை அலசினாள். ஒரு வெள்ளைத் துணியில் சுற்றினாள். "அக்கா, நீங்க வரீங்களா? தனியாப் போகக் கால் வரல" என்றாள் என்னைப் பார்த்து. அந்த வீட்டில் அவள் நம்பியது என்னை ஒருத்தியைத்தான். நான் குடையை எடுத்துக்கொண்டேன்.

தெருவில் கடைகள் எல்லாம் மூடியிருந்தன. குடைக்குள் இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டு நடந்தோம். அவள் பேசிக்கொண்டே வந்தாள்.

"மாமியார விடுங்கக்கா, அவங்க அப்படித்தான்னு நினைச்சுக்கலாம். இவரு வாயில வெச்சாரே, அதத்தான் தாங்க முடியல. அந்த வாயால எங்கிட்ட எப்படிப் பேசுவாரு? நான் எப்படிக் கேட்டுட்டு இருப்பேன்?"

"ம்."

"சட்டையில இருந்து யார் எடுத்திருப்பாங்க? அத்தை பாக்கெட்டெல்லாம் பாக்க மாட்டாங்களே."

"வழுக்குது, பாத்து நட" என்றேன்.

அவள் காலடியைப் பார்த்து நடந்தாள். கேட்டதை மறந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

டிரைவர் ஐயா வீடு தரைத் தளத்தில் இரண்டு அறை. தங்கையும் அவரும்தான். தங்கை கணக்கு டீச்சராக இருந்தவர், இன்னும் அப்படித்தான் பார்ப்பார். ஐயா நாங்கள் இஸ்திரி போட்டுக் கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். மருமகள் துணியைப் பிரித்ததும் அவர் இரண்டு கையையும் நீட்டினார். வாங்கிக்கொண்டு அப்படியே எழுந்து உள் அறைக் கண்ணாடி முன்னால் போய் நின்றுகொண்டார்.

தங்கை எங்களை உட்கார வைத்து, ஒரு தட்டு நிறைய முறுகலான பிஸ்கட் கொண்டுவந்து வைத்தார். "அவனால கடிக்க முடியாது, வாங்கி அப்படியே இருக்கு. நீங்களாவது சாப்பிடுங்க."

உள்ளே குழாய் திறக்கும் சத்தம், நிற்கும் சத்தம், மறுபடி திறக்கும் சத்தம். வெகுநேரம் கழித்து அவர் வந்தார். பல் செட் கையில்தான் இருந்தது. கொக்கி கீறியதில் உதட்டோரம் கொஞ்சம் ரத்தம்.

"ஏறலம்மா. பக்கத்துப் பல்லு ரெண்டும் சாஞ்சிடுச்சு போல. உடனே போட்டிருந்தா சரியா இருந்திருக்கும்."

"டாக்டர்கிட்ட காட்டினா சரி பண்ண மாட்டாங்களாங்க?"

"திரும்ப அளவெடுக்கணும்னுதான் சொல்வாங்க." அவர் மெதுவாக உட்கார்ந்தார். "ஒரு நாள் உங்க லாண்டரிக்கே வந்து துணி மூட்டையெல்லாம் பிரிச்சுப் பாக்கலாமான்னு கேக்கணும்னு இருந்தேன். அப்புறம், இந்தப் பொண்ணு சொல்லிட்டா, அவ சொன்னா சரியா இருக்கும்னு விட்டுட்டேன்."

அந்தச் சொல்லுக்கு மருமகள் தலை குனியவில்லை. நேராக அவர் முகத்தைப் பார்த்தாள்.

"மெஷினுக்கு அடியில கிடைச்சதுன்னு சொல்லச் சொன்னாங்க ஐயா. அது பொய். முதல் நாள்ல இருந்தே வீட்டுலதான் இருந்திருக்கு. இன்னிக்கு வேடிக்கைக்கு எடுத்தாங்க. நீங்க கேட்டப்ப எனக்குத் தெரியாது. ஆனா இல்லைன்னு சொன்னது என் வாய்தான். அதுக்கு நான்தான் பொறுப்பு."

"வேடிக்கைக்கா?" என்றார் தங்கை. "எங்க அண்ணன் பல்லு உங்களுக்கு வேடிக்கையா?"

ஐயா கையைக் காட்டித் தங்கையை நிறுத்தினார். கோபமாகக்கூட இல்லை, வண்டி ஏன் நின்றது என்று விசாரிப்பவர் போலத்தான் கேட்டார். "முதல்ல யார் கையில கிடைச்சுது? என் சட்டைய எடுத்துப் பாத்தது யாரு?"

மருமகள் தெரியாது என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை. அவள் என் பக்கம் திரும்புவது எனக்குத் தெரிந்தது. கவுண்ட்டரில் உட்கார்ந்தே பத்து மாதம் நான் பாக்கெட் துழாவுவதைப் பார்த்தவள் அவள்.

நான் தட்டிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து முழுசாக வாயில் போட்டுக்கொண்டேன். வாயில் வைத்துக்கொண்டு பேச முடியாதல்லவா. மென்றேன். அந்தச் சின்ன அறையில் அந்தச் சத்தம் எனக்கே நாராசமாக இருந்தது. மூன்று பேரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பல்லில்லாத மனிதர் முன்னால் உட்கார்ந்து, பல்லிருக்கிற திமிரில் நான் மென்றுகொண்டிருந்தேன். அந்த வீட்டில் சிரித்தவர்கள்மேல் எனக்கு வந்த அருவருப்பெல்லாம் சேர்ந்து என்மேலேயே திரும்பியது. எவ்வளவுதான் மெல்ல மென்றாலும் ஒரு பிஸ்கட் எத்தனை நேரம் வரும்?

விழுங்கினேன்.

"நான்தாங்க ஐயா எடுத்தேன். உங்களோடதுன்னு தெரியும். நீங்க தேடி வந்தப்பவும் அங்கதான் நின்னுட்டிருந்தேன்."

மருமகள் எழுந்து, நாற்காலியில் சாய்த்திருந்த குடையை என் பக்கமாக நகர்த்தி வைத்துவிட்டு, மழையில் இறங்கிப் போனாள். ஐயா கையிலிருந்த பல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தங்கை எழுந்து வந்து, என் முன்னால் இருந்த பிஸ்கட் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

அவர் செய்தது சரி.